மரை வரைகிற பிழைப்பு

போல்ட்டில் மரை வெட்டுகிறவருக்கு ஊரில் மதிப்பு உண்டு. அதே மரையைக் கம்ப்யூட்டரில் வரைகிறவளைக் கண்டால் மட்டும் 'மரை கழன்ட கேசு' என்று சிரிப்பார்கள். டிராயிங் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்கும்.

கோயம்புத்தூர் வேலையை உதறிவிட்டுச் சிவகாசிக்கு வந்து, ஒரு லேத் பட்டறையின் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அறையைத் தரும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு சீசன் பாப்போம் தாயி. ஒன்னத் தேடிப் பார்ட்டி வரலேன்னா காலி பண்ணிரு. ராடு அடுக்க எடமில்ல." கோயம்புத்தூருக்கே திரும்பிப் போனால் ஊரே வாயைப் பொத்திச் சிரிக்கும். எனக்கு அந்த அறை மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

மரை எங்கே?

முதலில் வந்தவர் ஒரு காலண்டர் அச்சக முதலாளி. மிஷினில் ஒரு பெரிய ஸ்குரூ தேய்ந்துவிட்டது, புதிதாகச் செய்ய டிராயிங் வேண்டும் என்றார். வரைந்து கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரையையே காணோமாம்.

டிராயிங்கில் மரையைச் சுற்றுச் சுற்றாக வரைவதில்லை. வெளியே ஒரு தடித்த கோடு, உள்ளே அதை ஒட்டி ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் மரையின் அளவு. லேத்தில் கடைகிற டர்னருக்கு அது போதும். இதையெல்லாம் தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப, கோலம் போடச் சொன்னா புள்ளிய மட்டும் வச்சுட்டு வீட்டுக்குள்ள போயிருவீகளோ?"

கண் படும் அழகு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த டிராயிங்கில் மரையைச் சுற்றுச் சுற்றாக, மேடும் பள்ளமும் நிழலுமாக இழைத்தேன். கம்ப்யூட்டர் கிரைண்டர் மாதிரி இரைந்தது. மவுஸை அசைத்தால் திரையில் அம்பு ஆற அமர நகர்ந்தது. ஆனால் படம் பிரமாதம்! என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

பெருமையாக அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் அளவைத் தேடினார். சுற்றுகளுக்கு நடுவில் எண்கள் சிக்கிக்கொண்டு, எது கோடு எது அளவு என்றே தெரியவில்லை. டர்னரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் தலையைச் சொறிந்தார். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டலாம் தாயி. லேத்துல மாட்ட முடியாது."

பிய்ந்த வட்டம்

மறுபடியும் இரண்டு கோட்டுக்கே வந்து சேர்ந்தேன். மரையை நேர் முன்னாலிருந்து காட்டும்போது அந்த மெல்லிய கோட்டை முக்கால் வட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும். மரைக்கு அதுதான் அடையாளம். வட்டத்தை மூடிவிட்டால் அங்கே மரை இருப்பதே டர்னருக்குத் தெரியாது.

பெரிய தாளில் பிரிண்ட் எடுக்க ஒரு பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். அச்சில் ஒரு கோடு விட்டுப்போயிருந்தால் சிவகாசிக்காரர்களுக்கு மனசு ஆறாது. அங்கே டிசைன் பார்க்கும் பெண் அத்தனை வட்டத்தையும் மூடி, பளிச்சென்று அனுப்பியிருந்தாள். நல்லவேளை, பட்டறைக்குள் போகும் முன்பே கவனித்துவிட்டேன். நாலு வார்த்தை கேட்கத்தான் போன் போட்டேன். அவள் முந்திக்கொண்டாள்: "அக்கா, ஒங்க வட்டமெல்லாம் பிஞ்சு கெடந்துச்சு. பாக்குறவுக ஒங்களத்தான ஏசுவாகன்னு நானே ஒட்டி விட்டுட்டேன்."

மூடி

சீசன் முடியப்போகிற சமயத்தில் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையிலிருந்து புது மேனேஜர் வந்தார். மருந்து வைக்கிற டப்பாக்களுக்கு மூடி வேண்டும், ஊறுகாய்ப் பாட்டில் மாதிரி திருகி மூட வேண்டும் என்றார். பெரிய ஆர்டர். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

நான் மாட்டேன் என்றேன். பட்டாசு மருந்து மரை இடுக்கில் போய் உட்காரும். மூடியைத் திருகினால் உரசும். உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். என் அக்கா தினமும் பட்டாசு ஆலை வேனில்தான் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வேன் வந்து நிற்கும்வரை வீட்டில் யாருக்கும் காபி இறங்காது. "கேட்டத வரைஞ்சு குடு தாயி" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார். நான் மரையே இல்லாமல், மேலே கவிழ்த்து வைக்கிற மூடியாக வரைந்து நீட்டினேன். மேனேஜர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மறுநாளே அண்ணாச்சி என் அறை வாசலில் ராடு அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஆலை முதலாளியே நேரில் வந்தார். கையில் என் டிராயிங். எங்கே உள்ளே வர? ராடு மறித்தது. வாசலில் நின்றபடியே சொன்னார்: "அண்ணாச்சி, மொதல்ல இதையெல்லாம் அங்கிட்டு எடுங்க. மரை போட ஊருக்குள்ள எம்புட்டோ பேரு இருக்காக. போட மாட்டேன்னு சொல்ல இந்தப் பிள்ள ஒண்ணுதான இருக்கு. இனிமே எங்க ஆலை டிராயிங் பூராம் இங்கனதான்."

வரைந்த மரைக்கெல்லாம் கேலி வாங்கிய நான், வரையாமல் விட்ட மரைக்குப் பேர் வாங்கினேன். இந்தப் பிழைப்பில் பெருமைப்பட்டுக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்!