வேப்பங்கிளையில் ஒரு தொட்டில்

இந்த மாதிரி சமாசாரங்களை நான் நம்பினதே கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கம் ரோட்டில் விடுதிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன் நான். மலைமேல் நீல வெளிச்சம் பார்த்தேன் என்று வெள்ளைக்காரர்கள் கண்கலங்கச் சொல்வார்கள், நான் காலி கேனைக் கொடுங்கள் என்பேன். திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு வெளிச்சமும் தெரிந்ததில்லை.

என் மனைவி செல்வி அப்படி இல்லை. குழந்தை வேண்டி, கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்கு என்னை இழுத்துப்போனாள். அங்கே ஒரு வேப்பமரம். துணியில் கல்லை வைத்துத் தொட்டிலாகக் கட்டவேண்டும், பிள்ளை பிறந்ததும் வந்து அவிழ்க்கவேண்டும். அறுந்துவிடக் கூடாதே என்று நல்ல நைலான் கயிறாக வாங்கி நானே இறுக்கிக் கட்டினேன். யாழினி பிறந்தாள். அப்புறம் தடுப்பூசி, காதுகுத்து என்று ஓடின ஓட்டத்தில் தொட்டிலை யார் நினைத்தார்கள்?

யாழினிக்குப் பேச்சு வந்த சமயம், கணுக்காலைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. கொலுசைக் கழற்றினோம், களிம்பு தடவினோம், கோடு இன்னும் ஆழமாகத்தான் ஆனது. ஒருநாள் காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்று அழுதாள். செல்வி பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"இன்னாங்க, கால் ஜில்லுனு இருக்குதுங்க! நாம அந்தத் தொட்டில அவுக்கவே இல்ல."

"கயிறு மரத்துல இருக்குது, இவ கால் எப்டிம்மா ஜில்லுனு ஆவும்? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"போற வழிதான? நிறுத்துங்க, அவுத்துட்டுப் போலாம்."

போய்ப் பார்த்தால், மரம் பாதி காய்ந்துவிட்டிருந்தது. தூர்வரைக்கும் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்க வழியில்லை. கற்பூரம் கொளுத்திக் கொளுத்தி அடிமரம் கருகியிருந்தது. கிளை கிளையாக நைலான் கயிறு. யாரும் கோடாலியோடு வரவில்லை, எல்லோரும் ஆசை ஆசையாகக் கும்பிட்டுத்தான் அதை அந்தக் கதிக்கு ஆளாக்கியிருந்தோம்.

துணியெல்லாம் வெளுத்துப்போய் எங்களுடையது எது என்றே தெரியவில்லை. நாங்கள் முழித்துக்கொண்டு நிற்க, செல்வியின் இடுப்பிலிருந்த யாழினி கையை நீட்டி, "என் தொட்டில்" என்றாள். நம்பினால் நம்புங்கள், நான் போட்ட முடிச்சேதான். கயிறு பட்டைக்குள் புதைந்து, கிளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, பிசின் வடிந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்த கத்தியால் அறுத்து, நெம்பி நெம்பி எடுத்தேன். கடைசி இழை அறுந்ததும், "அப்பா, வுட்டுடுச்சு" என்று குழந்தை சிரித்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கால் கதகதப்பாகிவிட்டது, டாக்டர் தேடியும் கோட்டைக் காணோம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் போய்ப் பழைய கயிறுகளை அறுக்க ஆரம்பித்தோம். முதலில் சண்டைக்கு வந்த பூசாரி அம்மா, எங்கள் கயிறு இருந்த கிளை துளிர்த்ததைப் பார்த்ததும் தானே ஆள் கூப்பிட்டு டைல்ஸை உடைக்க வைத்தார். யாழினி மரத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பாள். எனக்கே அந்த மரத்தின்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது, வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

கடைசியாகத் தெற்குப் பக்கக் கிளையில் சாயம்போன ஒரு சிவப்புத் துணித் தொட்டில் பாக்கி இருந்தது. கத்தியை வைத்தேன். யாழினி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ப்பா. அண்ணன் தூங்கறான்."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாழினிக்கு முன்னால் ஒன்று தங்கி, நாலாம் மாதமே கலைந்துபோனது. அது நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று எனக்குக்கூடச் சொல்லாமல் தன் பழைய தாவணியைக் கிழித்து அவள் கட்டிய தொட்டிலாம் அது. குழந்தையிடம் இதையெல்லாம் யாரும் பேசினதில்லை. அது ஆணா பெண்ணா என்று எங்களுக்கே தெரியாது.

அந்தக் கயிறும் கிளையை இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, நுனி காய ஆரம்பித்துவிட்டது. அறுத்தால் கிளை பிழைத்துக்கொள்ளும், தெரியும். வாரா வாரம் கத்தியை எடுத்துக்கொண்டுதான் போகிறேன், அறுக்கக் கை வரவில்லை. யாழினி அந்தக் கிளைக்குக் கீழே வந்ததும் உதட்டில் விரலை வைத்து, எங்கள் இரண்டு பேரையும் மெதுவாகப் பேசச் சொல்கிறாள்.