ஒட்டாத மாவில் மோச்சி

இன்று காலை கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள எங்கள் பலசரக்குக் கடைக்கு ஒரு ஜப்பானியப் பெண் வந்தார். வீட்டில் மோச்சி என்ற அவர்கள் ஊர் இனிப்புச் செய்ய அரிசிமா வேண்டுமாம். நாளை மகளுக்குப் பிறந்தநாள். கேக் வேண்டாம், மோச்சிதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கிறதாம்.

கடைக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நம் வறுத்த அரிசிமாவைக் கொடுத்து, அருமையாக வரும் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகுதான், அது எப்படித்தான் வரும் என்று பார்க்க ஆசை வந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து, மாவில் சீனியும் தண்ணீரும் கலந்து மைக்ரோவேவில் வைத்தேன். வீடியோவில் அது ரப்பர் போல நீண்டது. என்னுடையது பிய்ந்து விழுந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"புட்டுக்கு மா ஒட்டினா எனக்குப் பேச்சு. இப்ப ஒட்டேல்லையெண்டு நிண்டு முழிக்கிறியள். பாவமப்பா அந்தப் பிள்ளை!"

எதிரே இருக்கும் சீனக் கடைக்கு ஓடிப்போய், ஒட்டும் அரிசிமா வாங்கி வைத்தேன்.

நினைத்தபடியே மத்தியானம் அந்தப் பெண் திரும்பி வந்தார். முகத்தில் கோபம். இதுதான் ஒட்டும் மா என்று புது மாவைக் கையில் கொடுத்ததும் சிரித்துவிட்டார்.

"அப்படியானால் ஒட்டாத மாவில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

புட்டைப் பற்றிச் சொன்னேன். ஒட்டாமல் உதிர்வதுதான் அதற்கு அழகா என்று வியந்தவர், பழைய மாவைத் திருப்பித் தரவில்லை. கூடவே ஒரு புட்டுக்குழலும் வாங்கிப் போனார்.

"பிறந்தநாளுக்குப் புட்டோ?" என்றாள் மனைவி.

ஒட்டும் மாவை இனி நானும் கடையில் வைக்கலாம் என்று இருக்கிறேன். பெயரைப் பார்க்காமல் அதை எடுத்துப்போய்ப் புட்டு அவித்துவிட்டு, என்னோடு சண்டைக்கு வரப்போகிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.