ஏணிக்காரர் பேசிய பக்கம்

என் நாத்தனாரின் டைப்ரைட்டர் சத்தத்தில்தான் நான் அந்த வீட்டில் சமைக்கப் பழகினேன். வரி முடிகிற இடத்தில் ஒரு மணி அடிக்கும், உருளையைத் தள்ளுகிற சத்தம் கேட்கும், பிறகு மறுபடி தகரக் கூரையில் மழை. ஒரு படி பால் பொங்க நாற்பது மணி ஆகும் என்று எனக்குக் கணக்கு. கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை.

நான் அவரை அண்ணி என்பேன். தெருவுக்கு அவர் டைப் அக்கா. கல்யாணமாகி ஆறாம் வருஷம் ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் டைப்ரைட்டருமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று மாமனார் கேட்கவில்லை. மாமியார் கேட்டார். அண்ணி முன் அறையில் சன்னலோரமாக ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு மனு, பத்திரம், வழக்குத்தாள் என்று அடிக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். காரணம் ஒன்றுதான். அண்ணி அடித்த தாளில் அழித்த தடம் இருக்காது. சமையல் சரியில்லை, நடை சரியில்லை, வாழத் தெரியவில்லை என்று அவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னார்கள். அடித்ததில் பிழை என்று மட்டும் யாராலும் வாயைத் திறக்க முடியாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்.

அப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஒருநாள் கொலைக்காரம்மா வந்தார்.

தெருக்கோடி வீட்டில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி அவர். அறுபது வயது தாண்டியிருக்கும். கொலைக் கதைகள் எழுதுகிறவர் என்று தபால்காரர் சொல்லப்போக, ஊர் அந்தப் பேரை வைத்துவிட்டது. நம் பேச்சைப் புத்தகம் வைத்துப் படித்தவர் என்பதால் எல்லாருக்கும் மரியாதை போட்டுப் பேசுவார். பால்காரரின் மாட்டிடம்கூட "தள்ளி நில்லுங்கள்" என்பார். மாடும் தள்ளி நிற்கும் என்பது என் வீட்டுக்காரரின் சாட்சியம்.

கையில் ஒரு கட்டுத் தாள். புது நாவல். எழுத்து, கோழி கிளறிய குப்பை. பதிப்பகத்துக்கு டைப் அடித்த பிரதிதான் வேண்டுமாம். அவர் மொழிக்கும் அண்ணியின் மெஷினில் இருக்கிற அதே இங்கிலீஷ் எழுத்துகள்தான். ஆனால் அந்த மொழியில் ஒரு சொல்கூட அண்ணிக்குத் தெரியாது. தெரியாமல் அடிக்க முடியுமா என்று கேட்டார். எழுத்தைப் பார்த்து அடிக்கப் போகிறேன், அர்த்தம் எனக்கு எதற்கு என்று அண்ணி சொன்னாராம். சில எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் தொப்பியும் வேண்டியிருந்தது. அவற்றைப் பிறகு அண்ணியே பேனாவால் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. பதிப்பகம் வெகுதூரத்தில் இருந்ததால், அச்சுக்கு முன் திருத்தப் பிரதி வந்து போகிற பேச்சே இல்லை. அண்ணி அடிப்பதுதான் அச்சாகும்.

முதல் மாதம் வெறும் எழுத்தாகத்தான் அடித்தார். இரண்டாம் மாதம் சோறு பரிமாறும்போது என்னிடம், "ஒரு ஆள் இருக்காரு. அவர் பேரு ஏணி மாதிரி இருக்கிற எழுத்துல ஆரம்பிக்குது. அவர் வந்தாலே மத்தவங்க நிறைய பேசறாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாளை எடுத்து வந்து காட்டினார். யாராவது பேசினால் அதன் இரு பக்கமும் மேற்கோள் குறி வருகிறது. குறி மூடியதும் எப்போதும் ஒரே சின்னச் சொல் வருகிறது, அதை ஒட்டி ஒரு பேர் வருகிறது. அந்தச் சின்னச் சொல் 'சொன்னார்' என்பதாகத்தானே இருக்க வேண்டும்? ஆக, யார் பேசுகிறார்கள் என்று அண்ணிக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியாது. இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் பேச்சைக் கேட்கிறார்கள் என்றேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேர் கூடுதலாகக் குடிவந்த மாதிரி ஆயிற்று. ஏணிக்காரர், கொக்கிக்காரர், ரெண்டு மலை அம்மா. மூன்றும் பேரின் முதல் எழுத்தை வைத்து அண்ணி இட்ட பட்டப்பேர்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் முகம் வாடியிருந்தது. கதையில் செத்தது யார் என்று கொலைக்காரம்மாவைக் கேட்டாராம். அவர் பேனாவால் ஒரு பேரைத் தொட்டு, "இவர். கிணற்றில்" என்றாராம்.

"ஏணிக்காரர் போயிட்டாரு" என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "யாரு, நம்ம பெயின்டரா? காலையிலதானே பார்த்தேன்."

அதற்குப் பிறகு ஏணிக்காரரின் பேர் மற்றவர்கள் பேச்சுக்குள் மட்டும்தான் வந்தது. சொன்னாருக்கு அடுத்து வரவில்லை. செத்தவர் எப்படிப் பேசுவார்? அண்ணி அதையும் கவனித்து வைத்திருந்தார்.

எட்டாம் அத்தியாயத்தில் வேறு ஒன்று நடந்தது. ஒரு கேள்விக்குறி, கொக்கிக்காரர் சொன்னார். அடுத்த வரியில் அதற்குப் பதில், அதையும் கொக்கிக்காரரே சொன்னார். ஒரே ஆள் கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்வாரா என்று அண்ணி தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். கொலைக்காரம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். கண் முன்போல் இல்லை, ஞாபகமும் முன்போல் இல்லை, இனி இப்படி வந்தால் நீங்களே மாற்றிவிடுங்கள் என்றார். அண்ணி அன்று வீட்டுக்கு வந்த நடை எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. புத்தகம் எழுதுகிறவருக்கே பிழை சொன்னவர் நடக்கிற நடை.

அந்த நடைதான் வினையாயிற்று.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ரெண்டு மலை அம்மா மூன்று பக்கத்துக்கு நீட்டி முழக்கி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சுக்குள்ளேயே அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று பேர்கள் வரிசையாக வருகின்றன. நடுவில் ஓரிடத்தில் சொன்னாருக்கு அடுத்து ஏணிக்காரர். செத்து நூற்றைம்பது பக்கம் ஆனவர். கொலைக்காரம்மா கண் வைத்தியத்துக்கு நகரத்துக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை தபாலில் இருபதாம் அத்தியாயம் வரைக்கும் போயாக வேண்டும். அண்ணி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பாவம், அம்மாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று முடிவு செய்தார். ஏணிக்காரரை எடுத்துவிட்டுக் கொக்கிக்காரரைப் போட்டார். கட்டு தபாலில் போயிற்று.

பதினைந்து நாள் கழித்து, காலையில் நான் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். பதினோரு மணி எண்ணினேன், பன்னிரண்டாவது அடிக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. முன் அறைக்குப் போனால் அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி அத்தியாயத்தின் இரண்டாம் பக்கம் மெஷினில் இருந்தது.

"உயிரோட இருக்காரு" என்றார். விரலால் எண்ணிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஏணிக்காரர் ஒன்பது தடவை சொன்னார். "கிணத்துல இருந்தது வேற ஆளாத்தான் இருக்கணும். இவர் சாகவே இல்ல. படிக்கிறவங்களுக்குச் சொன்ன பொய்யைத்தான் அந்தம்மா எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க. இத்தனை பக்கத்துல ஒரே ஒரு இடத்துல அதைத் தெரியற மாதிரி வெச்சிருந்தாங்க. நான் எடுத்துட்டேன்."

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அந்தம்மா அடித்த தாளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவர்கள் ஊர்க்காரன் படித்தாலும் எழுதினவர் மேல்தான் பழி போடுவான், சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே என்று அக்காவுக்குப் புத்தி சொன்னார். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. இத்தனை வருஷத்தில் அண்ணியை யாரும் குறை சொல்ல முடியாத ஒரே இடம் அந்த மேசை. அவரே போய் அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டுமா?

"போனா இந்த வேலை போயிடும்க்கா" என்றார் இவர் கடைசியாக. "ஊரும் பேசும்."

"பேசட்டும்டா. ஊரு பேசாத நாள் எது?"

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். நானும் செருப்பை மாட்டினேன்.

தெருக்கோடி வீட்டில் மேசை சன்னலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. கொலைக்காரம்மாவின் ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. உட்காருங்கள் என்றார். அண்ணி உட்காரவில்லை. கார்பன் பிரதியின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையும் கையெழுத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இங்க நான் பேரை மாத்திட்டேன். நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் தாளை ஒற்றைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த மூன்று பக்கமும் காய்கறி" என்றார் மெதுவாக. "கிணற்றுச் சாவுக்குப் பிறகு ஒருநாள் சந்தைக்குப் போன கதை. படிக்கிறவர்களுக்கு அலுப்பு வர வேண்டும் என்று பாடுபட்டு எழுதினேன். அலுப்பில் தாண்டிப் போவார்கள், இந்தப் பேரைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?"

"எனக்கு அலுப்பு வரலை. புரிஞ்சாதானே அலுக்கும்?"

கொலைக்காரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்கள்" என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னார். அது அவருக்குத் தைத்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும். தலை குனிந்தார்.

பிறகு கொலைக்காரம்மா எழுந்து தோள் பையை எடுத்தார். "ஊரில் என்னைக் கொலைக்காரம்மா என்கிறார்கள். தெரியும். ஆனால் இந்தக் கதையில் அவரைக் கொன்றது நான் இல்லை, நீங்கள்தான். வாருங்கள், தபால் ஆபீசுக்குப் போவோம். பிழைக்கிறாரா பார்க்கலாம்."

பதிப்பகத்தைப் போனில் பிடிக்க டிரங்கால் போட்டுக் காத்திருந்தோம். அன்று லைன் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. அண்ணி அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்தார். பதிவுத் தபாலில் ஒன்று, சாதாத் தபாலில் ஒன்று. மிச்ச அத்தியாயமும் அண்ணி கையால்தான் அடிக்கப்பட்டது. கொலைக்காரம்மா வேலையைப் பிடுங்கவில்லை. ஆனால் முன்போல வந்து உட்கார்ந்து பேசவும் இல்லை. பதிப்பகத்திலிருந்து எல்லாம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. எல்லாம் என்றால் எது? அச்சுக்குப் போவதற்கு முன்னாலா, பின்னாலா? அதைக் கேட்டு எழுதுவதற்குள் அவருக்கு மறு கண்ணும் மோசமாகி, சொந்த ஊரில் வைத்தியம் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். வண்டி ஏறும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் எப்படியோ தெருவில் பரவிற்று. டைப் அக்காவுக்குப் பிழை வந்துவிட்டதாம். பத்திரம் எழுதுகிறவர் ஒருநாள் அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதுவரைக்கும் அப்படிச் செய்யாதவர். அண்ணி, நன்றாகப் பாருங்கள் என்று விளக்கைப் போட்டுவிட்டார். அவருக்குப் பத்திரம் எழுதுகிறவரைப் பற்றிக் கவலை இல்லை. ஏணிக்காரர் அந்தப் பக்கத்தில் பேசினாரா இல்லையா என்பதுதான் கவலை. புத்தகம் வரும் வரையான எட்டு மாதத்தில் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு அவர் கை எத்தனை தடவை நின்றிருக்கும் என்று அடுப்படியில் இருந்த எனக்குத் தெரியும்.

புத்தகம் ஒரு காலை வந்தது. கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை. உறையில் முகவரிக்கு மேல் பேர் இல்லை, 'டைப்பிஸ்ட்' என்று மட்டும் இருந்தது. அச்சில் பக்க எண் மாறியிருந்தது. எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. அண்ணி அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு வரிகூடத் தாண்டவில்லை. மனுவுக்கு வந்தவர்களை நான் சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு அடிமட்டம் நின்றது.

சின்னச் சொல். அதை ஒட்டி ஏணி.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி பார்த்தார். "தொப்பி ஒண்ணு விட்டுப்போச்சு. அது அச்சுக்காரன் பிழை" என்றார்.

நகரத்துக் கல்லூரியில் அந்த மொழி தெரிந்தவர்கள் இருப்பார்கள், ஏணிக்காரர் அங்கே என்னதான் சொன்னார் என்று கேட்டுவிடலாமே என்றேன்.

"வேண்டாம்மா. அர்த்தம் தெரிஞ்சா நானும் தாண்டிப் போயிடுவேன்."

புத்தகத்தை மூடி மேசை இழுப்பறையில் வைத்தார். வாசலில் மனுவோடு ஒருவர் வந்து நின்றிருந்தார். அண்ணி உருளையில் தாளைச் செருகி, எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.