இரண்டாவது பொட்டலம்

நான் அம்மனை ஏமாற்றியவள். கூடப்பிறந்த தங்கைக்கு ஒரு நல்ல வீடு அமைந்துவிடக் கூடாது என்று, மாரியம்மன் சந்நிதியில் பொய்ப் பூ வைத்தவள். செவ்வாய் வெள்ளி தவறாமல் விளக்குப் போடுகிற இதே கைகளால்!

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது... கேளுங்கள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைதான் என் பிழைப்பு. தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே என்று பார்த்து, அங்கே ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். தங்கை கோமதியும் ஒரு காலத்தில் என் பக்கத்தில் நின்று அதே வேலை செய்தவள்தான். அவள் வீட்டுக்காரர் நான்கு மெஷின் போட்டார். அது நாற்பதானது. நான் மேசையிலேயே நின்றேன்.

வசதி வந்தும் அவர்கள் குடியிருந்தது தங்கள் கம்பெனிக்கு மேல்மாடியில், வாடகைக்கு. மெஷின் ஓடும்போது தரை உதறும். "பெரியவ வயசுக்கு வர்றதுக்குள்ள சொந்த ஊடு வாங்கிப்போடோணுங்க்கா. தெரட்டிச் சீரை நம்மூட்டு வாசல்ல வெச்சுத்தான் செய்யோணும்" என்பாள். மூத்த மகளின் பூப்பு நீராட்டுச் சீர் சொந்த வாசலில் நடக்க வேண்டும், அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வீடு பார்க்க என்னைக் கூட்டிப் போனாள். "உன்ற கண்ணுக்குத் தப்பி ஒரு கொறையும் போவாதுக்கா" என்று பெருமையாகச் சொன்னாள். பாவி நான், போனேன்!

"இத்தாலி மார்பிளுங்க அம்மணி. கப்பல்ல வந்த கல்லுங்க" என்றார் புரோக்கர்.

"கல்லு கப்பல்ல வந்துச்சு, சரிங்க. வழுக்கி உளுந்தா நாங்க ஆம்புலன்சுல போறதுங்களா?"

கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீடு தள்ளுபடி.

இன்னொரு பங்களாவின் தேக்குக் கதவை விரல் முட்டியால் தட்டிவிட்டு, மேலே மட்டும்தான் தேக்கு என்றேன். ஹாலில் தொங்கிய சரவிளக்கைக் காட்டி, ஒட்டடை அடிக்கத் தனியாக ஆள் வைப்பாயா என்றேன். பால்ஸ் சீலிங்குக்குள் எலி குடித்தனம் நடத்தும் என்றேன். மாடிப்படிக்குக் கீழே பூஜை அறை வைத்த வீட்டில், "சாமி தலைக்கு மேல செருப்பு நடமாட்டமா?" என்று கேட்டு வெளியே வந்துவிட்டேன். சொன்னதில் பாதி உண்மை. ஆனால் உண்மையைக் கூடக் கெட்ட எண்ணத்தோடுதான் சொன்னேன்.

அத்தனை வெறுப்பா? ஆமாம், வெறுத்தேன்! அவள் என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றுமில்லை. தீபாவளிக்கு எனக்கும் அவளுக்கும் ஒரே விலையில் சேலை எடுப்பாள். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் மேல் ஒட்ட முடியாத ஸ்டிக்கரை அவள் பார்த்த வீடுகளில் ஒட்டினேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். சொந்தக்காரர் வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போய், வயிறெரிய வயிறெரிய டைல்ஸை உற்றுப் பார்க்காதவர் மட்டும் என்னைத் திட்டுங்கள்!

கடைசியாக அந்த வீடு வந்தது. பூண்டிப் பக்கம். சுவரில் ஒரு கீறல் இல்லை. இழுப்பறைகள் சத்தமில்லாமல் மூடின. குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு தேங்கவில்லை. பூஜை அறையில் கருங்கல் பீடம், அதன் மேல் காலை வெயில்... குறை தேடிப்போன என் கண் கலங்கிவிட்டது.

"உனக்கே கண்ணு கலங்குதே! ஆத்தாகிட்டப் பூ கேட்டுப்போடலாங்க்கா" என்றாள் கோமதி.

எங்கள் பக்கம் நல்ல காரியம் எதற்கும் பூ கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

கட்டுவதற்குச் சுத்தமான கை வேண்டும் என்று அவள் என்னிடம் கொடுத்தாள். நான் இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன்.

அவள் எடுத்தாள். சிவப்பு... வேறென்ன வரும்? அவள் முகம் வாடிப்போனது. "அதையும் பிரிச்சுப் பாத்தா மனசு ஆறுங்க்கா" என்று மற்றதற்குக் கையை நீட்டினாள்.

"பிரிக்கப்படாது! உத்தரவு சொன்னப்பறம் ரண்டாவதைப் பிரிச்சா ஆத்தாளையே சந்தேகப்படற மாதிரி. குடும்பத்துக்கு ஆகாது."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அந்த நொடியில் நானே உண்டாக்கியது. பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ச் சாக்கடையில் எறிந்தேன்.

அந்த வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். பெரியவளின் சீர் கம்பெனி மொட்டை மாடியில், தகரப் பந்தலில் நடந்தது. கீழே மெஷின் சத்தம். தட்டம் ஏந்தி வந்தவர்கள் இரும்புப் படியில் மூச்சு வாங்க ஏறினார்கள். கோமதி என் கையைப் பிடித்து, "ஆத்தா உன்ற கை வழியாச் சொன்னதை நான் மீறுல. அந்த நிம்மதி போதுங்க்கா" என்றாள். என்னை அடித்திருக்கலாம்!

போன தை மாதம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்களுக்கு ஒரு வீடு விலை திகைந்து வந்தது. இரண்டே அறை, சிமெண்ட் தரை, மழைக்கு ஓதம் ஏறிய சுவர். என் கண் எதையும் குறையாகப் பார்க்கவில்லை. சொந்த வீடு! பூ கேட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். பொட்டலம் கட்டியது கோமதி. எடுத்தது நான்.

சிவப்பு.

என் கை தானாக மற்றதை நோக்கிப் போனது. கோமதி முந்திக்கொண்டாள்.

"பிரிக்கப்படாதுக்கா. குடும்பத்துக்கு ஆகாதுன்னு நீதான சொன்னே?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. செக்கிங் மேசையில் வருஷக்கணக்காக நின்ற கண் இது... அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பொட்டலத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உள்ளே இருந்தது வெள்ளையா, சிவப்பா? அவளுக்கு எல்லாம் தெரியுமா? இல்லை, எனக்கு ஆத்தாளே சொன்ன பதிலா? கேட்பதென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும். யாரென்று தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் வாய் வரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமையும் விளக்குப் போட்டேன். கோமதியும் வந்திருந்தாள். பூசாரி கொடுத்த குங்குமத்தை அவளே என் நெற்றியில் வைத்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.