மீன்தொட்டிக்குக் காட்டிய சாம்பிராணி

திருநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கடல்நீர்த் தொட்டியொன்றில் இரண்டு மாண்டரின் மீன்களை வளர்க்கிறேன். உயிருள்ள நுண்ணிரையைத் தேடி அடிப்பாறைகளிலேயே உலவும் அரிய சிறுமீன்கள் அவை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதிகம் பாடியபடி வீடெங்கும் சாம்பிராணி காட்டிவந்த நான், அவையும் இறைவன் படைப்பே என்று தொட்டிக்கும் தூபம் காட்டி நின்றேன்.

"என்னங்க, பாட்டை நிறுத்துங்க! மீனு ரெண்டும் மேல வந்து வாயைப் பொளக்குது. சாமியே தாங்காது, இதுகளுக்கு இம்புட்டுப் புகையா?" என்று பதறினார் என் மனைவி.

அருகிலிருந்த காற்று மோட்டார் புகையை இழுத்து நீருக்குள் செலுத்திக்கொண்டிருந்தது. உடனே அதைச் சன்னலருகே மாற்றிவைத்து, தயாராக இருந்த உப்புநீரைக் கொண்டு பாதித் தொட்டி நீரை மாற்றினேன். மாலைக்குள் இரண்டும் பாறையிடுக்கில் மீண்டும் இரை தேடின.

இப்போது தூபம் பூஜையறைக் கதவைத் தாண்டுவதில்லை. பதிகத்தை மட்டும் தொட்டியின் முன்னின்றே பாடி நிறைவுசெய்கிறேன்.