காவடி நுழையாத வாசல்

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் எங்கள் பட்டறைக்குள் கோபமாக வந்து, ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே எங்களிடம் வாங்கிய அவர் ஊர் ரயில் நிலையம், மெல்லிய மரப்பலகையில் வெட்டி ஒட்டிய மாதிரி. அதன் புகைபோக்கி அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி யோர்க் சிரிக்கவில்லை. பழைய புகைப்படத்தை எடுத்தார், அளவுகோல் வைத்துப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், புகைபோக்கி நிற்கும் சுவரைப் புதிதாக அங்கேயே லேசரில் வெட்டிக் கொடுத்தார். மரம் கருகிய வாசனை அடங்குவதற்குள் எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு மரியாதை இருக்கிற இடத்தில் என் திருத்தணி ஸ்டேஷனைச் செய்தால் என்ன?

ஜெர்மனியின் இந்தச் சிற்றூரில் என் வேலை இதுதான். மேசைமேல் ரயில் ஓட்டி விளையாடுகிற பெரியவர்களுக்கு ஸ்டேஷனும் கிடங்கும் வீடும் வரைவது. லேசர் கதிர் எரித்துத் தின்னும் இம்மியளவு அகலத்தையும் கணக்கில் சேர்த்து, பசை வைத்தால் பிசகாமல் பொருந்தும்படி துண்டுகளாக்கித் தருவது. கட்டடக்கலை படித்துவிட்டுப் பொம்மை செய்கிறாளே என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். கட்டடத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர்களை நான் படித்த கல்லூரியில்கூடக் கண்டதில்லை.

யோர்க் உடனே சம்மதித்தார். அளவு வேண்டுமே? அக்கா வீட்டுக்காரர், என் பாவா, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். டேப்பை எடுத்துக்கொண்டு போனவர் அங்கிருந்தே போன் செய்தார்.

"இன்னாம்மா வேலை குடுத்தே எனக்கு? வாசல் கேட்ட அளந்துகினு கீறேன், போலீஸ்காரர் வந்து, 'வூட்டுக்கு வாசக்கால் வெக்கப் போறியா'னு கேக்குறாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க பாவா?"

"ஜெர்மனில ஸ்டேஷனே இல்லியாம், நம்மளுத அனுப்பப் போறோம்னு சொன்னேன். சிரிச்சிகினு போய்ட்டாரு."

அந்த வாசலைத்தான் முதலில் அளக்கச் சொல்லியிருந்தேன். காரணம் ஆடிக் கிருத்திகை. திருவாலங்காட்டிலிருந்து சித்தப்பா புஷ்பக் காவடியோடு ரயிலில் வருவார். நைனாவும் நானும் போய் அழைத்து வருவோம். மஞ்சள் வேட்டிகளும் பம்பைச் சத்தமும் பிளாட்பாரத்தில் நிரம்பி வழியும். ஒருவர் காவடி இன்னொருவர் காவடியில் மாட்டும், திட்டிக்கொள்வார்கள், பிறகு அரோகரா. எவ்வளவு நெரிசலிலும் அந்த வாசலில் மட்டும் யாரும் காவடியைச் சாய்த்து நான் பார்த்ததில்லை. தோளில் ஏற்றியதை மலைமேல்தான் இறக்குவார்கள். நேராகவே வெளியே வரும்படி அந்த வாசல் அகலமாக இருந்தது. எனக்கு அதுதான் ஸ்டேஷன். மற்றதெல்லாம் சுவர்.

வரைந்து முடித்துவிட்டு நான் லீவில் இருந்த வாரம் யோர்க் என் வரைபடத்தைத் திறந்து, வாசலில் ஏழு மில்லிமீட்டரைக் குறைத்துவிட்டார். எங்கள் அளவில் அது நிஜத்தில் இரண்டடி. முன்சுவர் ஒரே பலகையில் அடங்கவில்லையாம். போதாததற்குப் பெட்டிக்குள் புழுதித் தூள் ஒரு பொட்டலம். சுவரில் தேய்த்துப் பழசாகக் காட்டுவதற்கு. ஜெர்மன் ஸ்டேஷன்களுக்கும் அந்தத் தூள் உண்டு, ஆனால் வேண்டியவர்கள் தனியாக வாங்கிக்கொள்வார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் அழுக்கு இலவச இணைப்பு!

காவடி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். படம் காட்டினேன். கவனமாகத்தான் கேட்டார்.

"அழகாக இருக்கிறது. வாசலில் கொஞ்சம் சாய்த்துக் கொண்டுபோகலாமே?"

"சாய்க்கக் கூடாது."

"யார் பார்க்கப்போகிறார்கள்? வாங்குகிறவர்கள் அங்கே போனதே இல்லையே."

புகைபோக்கியை நினைவூட்டினேன். அது வேறு என்றார். எப்படி வேறு என்றேன். என் முகத்தைப் பரிவோடு பார்த்து, "உனக்கு ஹைம்வே" என்றார். ஊர் ஏக்கமாம். லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். உடம்பெல்லாம் எரிந்தது. தாடிக்காரர் கேட்டால் துல்லியம், நான் கேட்டால் ஏக்கம். அவர் வாடிக்கையாளர், நான் நோயாளி. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நியாயம் கேட்டதற்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

"அப்படியானால் பெட்டியில் திருத்தணி என்று போடாதீர்கள்" என்றேன். கெஞ்சுவார், வாசலைச் சரிசெய்வார் என்று நினைத்துச் சொன்னது. "நல்ல யோசனை" என்று அங்கேயே அழித்துவிட்டு 'இந்திய நிலையம்' என்று தட்டினார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பாவாவிடம் சொன்னேன்.

"சாய்ச்சிகினு வரலாமாமா? அலகு குத்திகினு, காவடி தூக்கிகினு, அவன ஒரு தபா அந்தக் கேட்டாண்ட வரச் சொல்லு, பாக்கலாம்!"

"பேரையும் எடுத்துட்டான் பாவா."

"ஆங், எடுக்கட்டும். நம்ம ஊர் பேரைப் போட்டுட்டு சந்து மாதிரி அந்த வாசல வெச்சிருந்தான்னா, நானே வந்து ஒடச்சிருப்பேன்."

சிரித்துவிட்டேன். கோபம் போகவில்லை, நல்லவேளை. அந்த வரைபடம் கம்பெனிக்குச் சொந்தம். பாவா எடுத்த அளவுகள் எனக்குச் சொந்தம். எல்லாவற்றையும் புதிதாக வரைந்து, ஊர் நூலகத்துப் பொதுப் பட்டறை லேசரில் காசு கட்டி வெட்டினேன். முன்சுவருக்கு இரண்டு பலகை ஆயிற்று. ஆகட்டும். ஈர்க்குச்சியை வளைத்து ஒரு காவடி செய்து வாசல் வழியே தள்ளிப் பார்த்தேன். நேராக வந்தது.

இங்கே ஒரு ரயில் கிளப்பில் அவரவர் ஸ்டேஷனும் தண்டவாளமும் ஒட்டிய பலகையை வரிசையாகச் சேர்த்து எல்லோரும் வண்டி ஓட்டுகிறார்கள். அடுத்த கூடுகைக்கு என் பலகையோடு போகிறேன். ஒரு சிக்கல்: நம் ரயில்பாதை இவர்களுடையதைவிட அகலம். அதனால் மூன்று தண்டவாளம் போடப்போகிறேன். அதில் ஒன்று இருவகை வண்டிக்கும் பொது. எதிர்ப்பக்கம் அவர்களுக்கு ஒன்று, கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் தள்ளி நமக்கு ஒன்று. சக்கரம் சிக்கும் என்கிறார்கள். சிக்கினால் பிரித்து மறுபடி ஒட்டுவேன். ஓடினாலும், அவர்கள் வண்டி திருத்தணியில் நின்று, கிளம்பி, அடுத்த பலகைக்குப் போய்விடும். நம் அரக்கோணம் வண்டி என் பலகையின் விளிம்புவரைதான் வரும். அங்கே மூன்றாவது தண்டவாளம் முடிந்துவிடும். பக்கத்துப் பலகைக்காரர் யார் என்று இன்னும் தெரியாது. அவர் பலகையிலும் ஒரு தண்டவாளம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கப்போகிறேன்.