உடும்பு என்று எழுதிய அட்டை

1. கூடை

மிருக ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வரும் டிரஸ்ஸர் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, நாய் கடித்திருக்கிறதா என்பதுதான். கடித்திருக்கிறது. பூனை பிறாண்டியிருக்கிறது, குதிரை உதைத்திருக்கிறது. அதெல்லாம் ஆறிவிட்டது. ஆறாத ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அதைச் செய்தது எந்த மிருகமும் இல்லை, என் வாய்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது. மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம் இருந்த ஒரு சிறிய மிருக கிளினிக்கில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. டிரஸ்ஸர் என்றால் காயம் கழுவ வேண்டும், கட்டுப் போட வேண்டும், மருந்து ஊட்ட வேண்டும், கூண்டில் கிடக்கும் மிருகங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் புரோபேஷன் முடிந்து டாக்டர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். டாக்டர் சாமுவேல் மெட்ராஸில் படித்தவர். மூவாரிலும் அவருக்கு ஒரு கிளினிக் இருந்ததால் எங்களிடம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் நான் வைத்ததுதான் சட்டம். எஸ்டேட்டில் பிறந்து ஏழாம் ஸ்டாண்டர்டு வரை ஆங்கிலம் படித்தவன் நான். சட்டைப் பையில் பேனா இல்லாமல் தெருவில் இறங்க மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கப்பல் ஏஜெண்டின் ஆள் ஒரு மூடிய பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கடலில் நங்கூரம் போட்டிருந்த சரக்குக் கப்பலிலிருந்து ஒரு மாலுமியை இறக்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். குடல்வால் வெடித்துவிட்டது. கப்பல் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் பெயர் மனுவேல், தென் அமெரிக்கப் பக்கத்து ஆள், ஆங்கிலம் வராது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி இந்தக் கூடையை மட்டும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தானாம். அவன் தேறி வரும்வரை இதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். “அவனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான் போல லா” என்றான் அந்த ஆள்.

டாக்டர் மூடியைத் திறந்தார். பச்சை நிறம். ஒரு முழத்துக்கு மேல் உடம்பு, அதைவிட நீண்ட வால். முதுகு நெடுகச் சீப்புப் பல் போல முள் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல். கூடையில் கட்டியிருந்த சீட்டில் ‘இகுவானா’ என்று இருந்தது.

“இதை நான் பார்த்ததே இல்லப்பா. உனக்கு ஏதாவது தெரியுமா?” என்று டாக்டர் கேட்டார்.

கையெழுத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. “உடும்புதான் சார். எஸ்டேட்ல இதோடதான் வளர்ந்தேன்” என்றேன்.

என் ஆங்கில-தமிழ் அகராதியை எடுத்துக் காட்டவும் செய்தேன். இகுவானா என்ற சொல்லுக்கு ‘உடும்பு வகை’ என்று போட்டிருந்தது. ‘வகை’ என்ற சொல்லை நான் கண்டுகொள்ளவில்லை. உடும்புக்கு நாக்கு பாம்பு நாக்கு மாதிரி பிளந்திருக்கும். இதன் நாக்கு குட்டையாக, சதைப்பிடிப்பாக இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை. டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார். நான் அட்மிஷன் அட்டையில் எழுதினேன்: உடும்பு. தீனி: முட்டை, மீன்.

2. சாக்கு

முதல் நாள் அது சாப்பிடவில்லை. புது இடம், பயந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் மீனை மாற்றினேன். மூன்றாம் நாள் முட்டையை உடைத்து வைத்தேன், நான்காம் நாள் கோழிக் குடல். தட்டில் ஈ மொய்த்ததுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை டாக்டர் கேட்டபோது, “கொஞ்சம் கொஞ்சமா எடுக்குது சார்” என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்.

ஐந்தாம் நாளிலிருந்து முட்டையைக் கலக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஏற்றி வாயில் ஊற்றினேன். கழுத்தைப் பிடித்ததும் வாலால் ஒரு வீச்சு வீசியது பாருங்கள், முன்கையில் சாட்டையடி பட்ட மாதிரி தடித்துவிட்டது. உள்ளே போனதில் பாதி வெளியே வந்தது. உடும்பு வேண்டாம், கை வந்தால் போதும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் கையை விட்டுவிட்டுப் போகிற நிலைமையில் நான் இல்லை.

கூண்டுக்குள் அது எப்போதும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. கம்பியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மூக்கு நுனி புண்ணாகிவிட்டது. தப்பிக்கப் பார்க்கிறது என்று நினைத்து, அந்தப் பக்கம் ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிட்டேன். புண்ணுக்கு மருந்தும் தடவினேன். நல்ல டிரஸ்ஸர் இல்லையா நான்!

வந்தபோது நாலு கட்டி, அதாவது சுமார் இரண்டரைக் கிலோ, எடை இருந்தது எட்டாம் நாள் மூன்றே முக்கால் ஆனது. பச்சை மங்கிப் பாசிபிடித்த சுவர் நிறமானது. தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விரியாமல் அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றுகிறது என்பதற்கு அது அடையாளம். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. என் மனைவி சரோஜா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உடும்பு உடும்புன்னு நீங்கதான் சொல்றீங்க. அது சொல்லிச்சா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சரியான இடத்தில் குத்தினால் வேறென்ன வரும்.

3. கோமே, ஃப்லோர்

ஒன்பதாம் நாள் மனுவேலைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் இறங்கி அன்றைக்குத்தான் கண் விழித்துப் பேசுகிறான் என்றார்கள். நாற்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டி, வயிற்றைச் சுற்றிக் கட்டோடு கிடந்தான். நான் கூடையின் அளவைக் கையால் காட்டியதும் எழுந்து உட்காரப் பார்த்தான், வலியில் முடியவில்லை. “குட், குட்” என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அவன் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோமே? கோமே? ஃப்லோர்!” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆங்கிலம் படித்த மூளை சும்மா இருக்குமா? ‘கம், கம், ஃப்ளோர்.’ அதாவது, கூண்டிலிருந்து வெளியே எடு, தரையில் விடு. பாவம், அவனுக்கும் நாலு ஆங்கிலச் சொல் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு வந்து கதவைச் சாத்தி, அதைச் சிமெண்டுத் தரையில் விட்டேன். முன்னால் மீனை வைத்தேன். சில்லென்ற தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு அது அசையாமல் கிடந்தது. ஒரு வாரம் தினமும் அப்படித்தான் செய்தேன். அந்த வாரம் டாக்டர் விட்டமின் ஊசி போட்டார். பதினைந்தாம் நாள், “என்னடா இது, தேய்ஞ்சுகிட்டே போகுது?” என்று அவர் கேட்டபோதும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், தெரியாமலே இத்தனை நாளும் தெரிந்தவன் மாதிரி நடந்தேன் என்பது வெளியே வந்துவிடுமே என்பது.

பதினேழாம் நாள் காலையில் கூண்டைத் திறந்தபோது அது கண்ணைத் திறக்கவில்லை. விலா ஏறி இறங்கியதால்தான் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. எடை மூன்று கட்டியும் கொஞ்சமும். கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மனுவேலிடம் அது சாகப்போகிறது என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும். செத்த பிறகு போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

அன்று அந்த வார்டில் ஒரு புது மிஸ்ஸி, நர்ஸ், இருந்தாள். உஜோங் பாசிரில் போர்ச்சுகீஸ் வம்சத்தார் வாழும் கம்பத்து, அதாவது கிராமத்துப் பெண். அவர்கள் வீட்டில் பேசுகிற பழைய போர்ச்சுகீஸும் மனுவேலின் பாஷையும் அக்காள் தங்கை மாதிரி. அவள் கட்டு மாற்றிக்கொண்டே அவனோடு சரளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவன் மறுபடியும் ஆரம்பித்தான்: “கோமே? கோமே? ஃப்லோர்?”

தரையில் விட்டுத்தான் பார்க்கிறேன் என்று அவளிடம் மலாயில் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“தரை இல்லை. அது சாப்பிடுதான்னு கேக்கறார். பூங்ஙா. டியா மாக்கான் பூங்ஙா.”

பூங்ஙா என்றால் பூ. அது பூ தின்னும். இலை தின்னும். மீன், முட்டை எதையும் தொடாது.

என்ன கொடுக்கிறாய் என்று அவன் கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். நான் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

4. வேலி

எந்தப் பூ, எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே ஓடிவந்தேன். கூண்டு அறைக்குள் நுழைந்து, வெளிச்சத்துக்காக ஜன்னலில் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டேன். ஆறடி தூரத்தில், பக்கத்துச் சிட்டி வீட்டு வேலி நெடுகச் செம்பருத்தி பூத்துக் கிடந்தது. பதினேழு நாளும் அங்கேதான் இருந்தது. இகுவானா தப்பிக்கப் பார்க்கவில்லை. பசித்துப் பார்த்திருக்கிறது. சாக்குப் போட்டு மறைத்தவன் நான். அந்த ஜன்னலடியில் நின்று அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்த வீட்டு லெட்சுமி அக்காவுக்குத் தமிழ் வராது. சிட்டி மக்கள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம், வீட்டில் பேசுவது மலாய்தான். கோயிலுக்கென்று தினமும் காலையில் பூப்பறிக்கிறவர். மூச்சிரைக்க மலாயில் கேட்டேன். பூக்கூடையோடு நீட்டிவிட்டார். “அம்பில் லா. தேவா புன் தா மாரா” என்றார். எடுத்துக்கோ, சாமியும் கோவிச்சுக்காது.

இகுவானாவைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் ஒரு பலகைமேல் வைத்து, வாயருகே ஒரு பூவை வைத்தேன். அசைவில்லை. இதழைக் கிள்ளி உதட்டில் தேய்த்தேன். வெயில் நன்றாக ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். கடைசியில் அந்தக் குட்டை நாக்கு வெளியே வந்தது. இதழ் ஒட்டிக்கொண்டு உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

மறுநாள் வெள்ளி. டாக்டர் வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையை எடுத்துப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“எனக்கும் தெரியாதுதான். மூவார்ல ஒரு போன் போட்டு யாரையாவது கேட்டிருப்பேன். நீ தெரியும்னதும் விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. புரோபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். நியாயம்தான்.

5. பேனா

இரண்டு வாரம் கழித்து மனுவேல் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு ஏஜெண்டின் ஆளோடு வந்தான். இகுவானாவுக்குப் பச்சை திரும்பியிருந்தது, இழந்த எடையில் பாதிதான் திரும்பியிருந்தது. அவன் குரல் கேட்டதும் அது தலையைத் தூக்கியது. தோளில் ஏறி, கழுத்துப் பக்கமாக ஒண்டிக்கொண்டது. அவன் அதன் வால் அடியை விரலால் தடவினான். அங்கே எலும்பு இன்னும் துருத்திக்கொண்டுதான் இருந்தது. என்னைப் பார்த்தான்.

நான் ஒரு முட்டையையும் மீன் தட்டையும் எடுத்துக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டான். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேசைமேல் இருந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்தான். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவனே எடுத்து, தமிழில் நான் எழுதியிருந்ததற்குக் கீழே ஆங்கில எழுத்தில் நாலே எழுத்து எழுதினான். எஃப், எல், ஓ, ஆர். ஒரே ஒரு ஓ. பேனாவைத் திரும்பப் பையில் செருகி, அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

சில வருடம் கழித்துச் செம்பருத்தியை நாட்டு மலராக அறிவித்தபோது, அதற்கு முதலில் மரியாதை செய்தது உங்க உடும்புதான் என்று சரோஜா கேலி செய்தாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தேன். என் கையால் எழுதிய ஒவ்வோர் அட்மிஷன் அட்டையிலும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: ‘கேட்டது யாரிடம்?’ அதை நிரப்பாமல் எந்த மிருகத்துக்கும் தீனி வைத்ததில்லை. தம்பிகளே, தெரியாது என்று சொல்வதற்கு ஒரு நிமிட வெட்கம் போதும். அந்த முதல் அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ‘உடும்பு’ என்பதை அடித்துவிட்டு நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: இகுவானா. தீனி: பூ. கேட்டது யாரிடம்: மனுவேல். கேட்டது எப்போது: பதினேழாம் நாள்.